புழுங்கல் அரிசியில் உயிர்ச்சத்து பி1

புழுங்கல் அரிசி என்பது நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் உமி நீக்கிப் பெறப்படும் அரிசியாகும். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் போன்ற காவிரிக் கடைமடை ஊர்களிலும், தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் அன்றாடச் சோற்றுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. பச்சரிசியைவிட இதில் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 கூடுதலாக உள்ளது.

காரணம்

நெல்லில் உள்ள தயமினின் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் நீங்கிவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் இச்சத்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்குகிறது. இந்திய உணவு அட்டவணைகளின்படி, ஆலையில் தீட்டிய 100 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 0.06 மில்லிகிராமும், புழுங்கல் அரிசியில் 0.21 மில்லிகிராமும் தயமின் உண்டு.

பெரிபெரி நோய்

தயமின் குறைவால் நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் உண்டாகிறது. தீட்டிய அரிசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைச் சாவகத்தில் கண்டறிந்த கிறித்தியான் எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய சென்னை மாகாணத்தில், பச்சரிசி உண்ட வடசர்க்கார் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே காணப்பட்டது. இவ்வேறுபாட்டைக் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் 1935 முதல் 1945 வரை இயக்குநராக இருந்த அய்க்ராய்டு விளக்கி எழுதினார்.

உடலில் சேர்தல்

தயமின் சிறுகுடலின் மேற்பகுதியில் உறிஞ்சப்படுகிறது. உடல் இதை மிகக் குறைவாகவே சேமிப்பதால் சில வாரப் பற்றாக்குறையே நோய்க்கு வழிவகுக்கும். ஆகவே அரிசியில் உள்ள அளவைப் போலவே, சமையலுக்குப் பின் எஞ்சும் அளவும் முக்கியமானது. அரிசியைப் பலமுறை கழுவுவதாலும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதாலும் தயமின் வெளியேறுகிறது. புழுங்கல் அரிசியில் இவ்விழப்பு குறைவு. அளவான நீரில் பொங்குவதும், வடித்த கஞ்சியை உணவில் சேர்ப்பதும் இழப்பைத் தடுக்கும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தயமினைப் பயனற்றதாக்கக்கூடும்.

ரொட்டியும் செறிவூட்டலும்

மைதா ரொட்டிக்கும் இதே குறை உண்டு. கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்படுவதால், 1940-களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மாவில் தயமின் சேர்க்கத் தொடங்கினர். இந்தியாவில் செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, போலிக் அமிலம், உயிர்ச்சத்து பி12 ஆகியன கட்டாயமாகச் சேர்க்கப்படுகின்றன. தயமின் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. எனவே சோற்றையே முதன்மை உணவாகக் கொண்டவர்களுக்கு, நெல்லை அவிக்கும் பழைய முறையின் பயன் இன்றும் குறையவில்லை.