மரக்கால் முதல் மின்னணுத் தராசு வரை: கும்பகோணம் சந்தையின் வரலாறு

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணம், கோயில்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றுப்புறக் கிராமங்களுக்கு இது தொன்றுதொட்டுச் சந்தை நகரமும் ஆகும். ஆற்றுப் படுகையின் வண்டல் மண்ணில் அகத்தியில் படரவிட்டு வளர்க்கும் வெற்றிலையும், நஞ்சையில் விளையும் நெல்லும், உளுந்தும், வாழையும் இங்கு வந்து விலையாகின. விளைவித்தவருக்குச் சரியான அளவும் விலையும் கிடைத்தனவா என்பதே இச்சந்தையின் வரலாற்றில் முக்கியமான செய்தியாகும்.

பழைய அளவைகள்

முன்பு தஞ்சைப் பகுதியில் நெல்லை எடை போடும் வழக்கமில்லை. மரக்காலால் அளப்பார்கள். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ராஜகேசரிக்குச் சமமான 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் நெல் அளக்க வேண்டும் என்று பெயர் குறித்தே கூறுகின்றன. மரக்கால் இடத்துக்கு இடம் வேறுபட்டதால் இவ்வாறு குறிப்பிட நேர்ந்தது. மேலும், ஒரே மரக்காலைத் தலை தட்டி அளந்தால் ஓர் அளவு, குவித்து அளந்தால் வேறோர் அளவு.

இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்களிலும் இதே தொல்லை இருந்தது. 1215-ல் அந்நாட்டு மன்னர் ஜான் ஒப்புக்கொண்ட மகாசாசனத்தில், நாடு முழுவதும் தானியத்துக்கு ஒரே அளவு இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவே உள்ளது.

ரயிலும் வங்கியும்

கும்பகோணம் 1866-ல் நகராட்சி ஆயிற்று. 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. 1870-களின் இறுதியில் ரயில் வந்ததும் வெளியூர் வியாபாரம் பெருகியது. 1904-ல் இங்கு தொடங்கிய கும்பகோணம் வங்கியே பின்னாளில் சிட்டி யூனியன் வங்கி ஆயிற்று.

சட்டம் தந்த பாதுகாப்பு

விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1933-ல் வந்தது. 1959, 1987 ஆண்டுச் சட்டங்கள் அதை விரிவாக்கின. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோ எடை நாடெங்கும் பொதுவாயிற்று. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. அதன் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் எடை போட்டு வாங்கப்படுகிறது. கும்பகோணம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி மறைமுக ஏலத்தில் விற்கப்படுகிறது. வியாபாரிகள் தனித்தனியே விலை எழுதிக் கொடுப்பதால் அவர்கள் கூடிப் பேசி விலையைக் குறைப்பது கடினம். சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சேர்ந்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

இன்று அளவைத் தகராறு குறைந்து, ஈரப்பதத் தகராறு அதன் இடத்தைப் பிடித்துள்ளது. கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை சுமார் 96½ கிலோவாகும். இந்த மூன்றரைக் கிலோ வெறும் நீரே, நஷ்டமன்று. ஈரத்துடன் கொண்டு சென்று நாட்கணக்கில் காத்திருந்தால் நெல் முளைத்தும் நிறம் மாறியும் போகும். அதுவே உண்மையான நஷ்டம்.

ஆகவே, நெல்லைத் தூற்றிக் காயவைத்த பின்னரே மூட்டை பிடிக்க வேண்டும். எடை போடும்போது தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாக்கின் எடை எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். ரசீது பெறாமல் திரும்பக் கூடாது. விலை இறங்கிய வேளையில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியையும் பயன்படுத்திக் கொள்ளலாம்.