மூழ்கியது ஒரு கப்பல்... ‘அரெஸ்ட்’ ஆனது இன்னொரு கப்பல்! ஏன்?

2025 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்திருந்த ‘எம்.எஸ்.சி அகிடெட்டா 2’ எந்தத் தப்பும் செய்யவில்லை. எதிலும் மோதவில்லை, எண்ணெய் சிந்தவில்லை. ஆனாலும் அதைச் சிறைபிடிக்கச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம்.

காரணம், ஆறு வாரம் முன்பு மே 25-ம் தேதி மூழ்கிய ‘எம்.எஸ்.சி எல்சா 3’. விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன அந்தக் கப்பலின் ஊழியர்கள் 24 பேரும் தப்பிவிட்டார்கள். 640 கன்டெய்னர்களும், டேங்கில் இருந்த 450 டன்னுக்கும் மேற்பட்ட எரிபொருளும் கடலோடு போயின. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை கரை ஒதுங்கின.

கேரள அரசு கேட்ட இழப்பீடு 9,531 கோடி ரூபாய். இதில் 8,626 கோடி சுற்றுச்சூழல் பாதிப்புக்கு. மீனவர்களின் இழப்புக்கு 526 கோடி.

சரி, யாரிடம் வசூலிப்பது?

மூழ்கிய கப்பலை ஏலம் விட முடியாது. உரிமையாளரோ வெளிநாட்டில். கப்பல் தொழிலில் ஒவ்வொரு கப்பலையும் தனித்தனி கம்பெனி பெயரில் பதிவு செய்வது ரொம்ப சகஜம். அந்தக் கம்பெனிக்கு இருக்கும் ஒரே சொத்தும் கடலுக்கடியில் கிடந்தால்?

இங்கேதான் 2017-ல் வந்த கடல்சார் வழக்குச் சட்டம் கைகொடுக்கிறது. (அதுவரை 1840, 1861-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட சட்டங்களை வைத்துத்தான் நம்ம கோர்ட்டுகள் ஓட்டிக்கொண்டிருந்தன!) பொறுப்பாளியான உரிமையாளருக்கு வேறு கப்பல் இருந்து, அது நம் துறைமுகத்துக்கு வந்தால் பிடித்து வைக்கலாம். கைவிலங்கெல்லாம் கிடையாது. துறைமுகத்தை விட்டுக் கிளம்ப அனுமதி தர மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் நிற்கும் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு நஷ்டம். பிணைத்தொகை கட்டினால் கப்பல் போகலாம். அதன் பிறகு வழக்கு அந்தப் பணத்தின் மீது நடக்கும்.

எல்சாவில் சரக்கைப் பறிகொடுத்த முந்திரி இறக்குமதியாளர்கள் ஜூனிலேயே இதைச் செய்து காட்டினார்கள். ‘எம்.எஸ்.சி மானசா எஃப்’ கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவு வாங்கினார்கள். கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் கோர்ட்டுக்கு வந்தது. அகிடெட்டா வழக்கில் செப்டம்பரில் நீதிமன்றம் நிர்ணயித்த பிணை 1,227.62 கோடி. கேட்டதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான்.

குறைவு என்று தோன்றினால், இலங்கையைப் பாருங்கள். 2021-ல் கொழும்பு அருகே எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ வழக்கில், 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லி 2025 ஜூலை 24-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நிறுவனம் ‘கட்ட மாட்டோம்’ என்று சொல்லிவிட்டது. ஏனென்றால் கப்பலின் அளவை வைத்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பு போடும் 1976-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி லண்டன் நீதிமன்றம் 2023-லேயே அந்நிறுவனத்தின் பொறுப்பு 1.9 கோடி பவுண்டுதான் என்று சொல்லியிருந்தது.

அந்த உச்சவரம்பு ஒப்பந்தத்தை இந்தியாவும் ஏற்றிருக்கிறது. எனவே பிணைத்தொகை கோர்ட்டில் இருந்தாலும், அதில் எவ்வளவு மீனவர் கைக்குப் போகும் என்பதை வழக்கில்தான் நிரூபித்து வாங்க வேண்டும்.