மாற்றுச் சீவாளி

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கூத்துக்காரர்களைப் பகலில் பிடிப்பது கஷ்டம். இரவெல்லாம் ஆட்டம், விடிந்தால் தூக்கம், சாயங்காலம் அடுத்த ஊர். அப்படியொரு மாதத்தில் வயதான முகவீணைக்காரர் ஒருவர் எனக்காக ஒரு பகலை ஒதுக்கி, போளூரிலிருந்து முதல் பஸ்ஸில் கலசப்பாக்கம் வந்து இறங்கினார்.

என் வீட்டுப் பின்னறைதான் ஒலிப்பதிவு அறை. சுவரில் பழைய ஜமுக்காளம், ஜன்னலில் போர்வை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மைக். மைக்கில் வரும் ஒலியைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றித்தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். அவர் முகவீணையின் ஊதுநாக்கான சீவாளியை வாயில் நனைத்துக்கொண்டார். பதிவு பட்டனை அழுத்தினேன். திரையில் கோடு நகர்ந்தது; அலை எழும்பவில்லை.

முந்தின இரவு திரையில் வந்த ஓர் அறிவிப்புக்கு நான் சம்மதம் கொடுத்திருந்தேன். நான் தூங்கிய நேரத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் அடுத்த பதிப்புக்கு மாறிவிட்டது. பெட்டியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஒயரை மாற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். "இன்னா தம்பி, பொட்டி கேக்க மாட்டேங்குதா?" என்றார் பெரியவர். மதியம் போனை ஸ்டூல்மேல் வைத்துப் பதிவு செய்தோம். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. முகவீணை உச்சிக்கு ஏறும் இடங்களிலெல்லாம் ஒலி கிழிகிறது.

அன்றைக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது. வீட்டில் பாட்டு பதிவு செய்கிற எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸும் ஆபரேட்டிங் சிஸ்டமும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் டிரைவர் என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. பெரும்பாலும் அதை எழுதித்தருவது பெட்டியைச் செய்த கம்பெனி. சிஸ்டத்தின் உள்கட்டமைப்பு மாறினால் டிரைவரையும் திருத்தி எழுத வேண்டும். பத்து வருடத்துக்கு முன் விற்ற மாடலுக்காக எந்தக் கம்பெனியும் அதை மெனக்கெட்டுச் செய்வது அபூர்வம். அதனால் பெட்டியில் ஒரு பழுதும் இல்லாமலே அது ஊமையாகிவிடும். பொது விதிப்படி செய்த யூஎஸ்பி பெட்டிகளுக்கு இந்த ஆபத்து குறைவு. மேக்கும் லினக்ஸும் அவற்றைத் தனி டிரைவர் இல்லாமலே ஏற்கும். விண்டோஸில் யூஎஸ்பி ஆடியோ 2.0 வகைக்கு அந்த வசதி 2017இல்தான் வந்தது.

பெட்டி பேசினாலும் இன்னொரு சங்கடம் உண்டு. கம்ப்யூட்டர் ஒலியைக் குடம் குடமாக மொண்டு வாங்குகிறது. அந்தக் குடத்துக்குப் பஃபர் என்று பெயர். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 256 மாதிரி கொள்ளும் குடம் நிறைய 5.3 மில்லிநொடி ஆகும். 1,024 கொள்ளும் குடம் நிறைய 21.3 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏழு மீட்டர் போய்விடும். தன் குரலையே ஏழு மீட்டர் தள்ளி இன்னொருவர் பாடுவதுபோலக் காதில் வாங்குகிறவருக்குத் தாளம் நிற்காது. அதனால் சின்னக் குடமே வேண்டும். அதை விண்டோஸில் சாத்தியமாக்கத்தான் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் ஆசியோ என்ற குறுக்குவழியைக் கொண்டுவந்தது. சிஸ்டத்தைப் புதுப்பித்தபின் பின்னணி வேலைகள் கூடலாம். நாம் அணைத்து வைத்திருந்த மின்சேமிப்பு அமைப்பு மறுபடி உயிர்பெறலாம். அப்போது சின்னக் குடத்தைக் கம்ப்யூட்டரால் நேரத்துக்குக் கையாள முடியாது. பாட்டின் நடுவே 'படக் படக்' என்று கேட்கும்.

மூன்றாவது சங்கடம் பிளக்-இன்கள். குரலுக்கு எதிரொலி சேர்க்கவும் தம்பூரா, வயலின் ஒலிகளைத் தரவும் உதவும் துணை மென்பொருள்கள் இவை. 2019 அக்டோபரில் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. பழைய பிளக்-இன்களை நம்பிச் செய்த பாட்டுகள் அதில் பாதி ஊமையாகத் திறந்தன. இணைப்புகளுக்கும் இதே கதிதான்: 2025 செப்டம்பரில் வந்த மேக் ஓஎஸ் டாஹோ, ஒரு காலத்தில் ஸ்டூடியோக்களில் கொடிகட்டிப் பறந்த ஃபயர்வயர் இணைப்பைக் கைவிட்டது.

இந்தச் சங்கடங்கள் சாமானிய வீடுகளுக்கு வந்து அதிக காலமாகவில்லை. 1989இல் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டியபோது, வீட்டில் ஒலிப்பதிவு என்பது பெரிய முதலீடு. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கதவைப் பலருக்குத் திறந்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். பிள்ளைகள் படித்த மடிக்கணினியில் மாமன்மார்கள் கூத்துப் பாட்டையும் பம்பை உடுக்கையையும் பதிவு செய்தார்கள். என் முதல் பதிவும் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியில்தான்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசஸரும் அந்த முதல் மடிக்கணினிகளில் இல்லை. அவற்றைக் குப்பையில் போட வேண்டாம். இணையத்திலிருந்து துண்டித்து, பதிவுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அல்லது லினக்ஸ் போட்டு ஆடாசிட்டியில் பதிவு செய்யலாம். இணையத்தில் உலவும் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு அப்டேட்டைத் தவறாமல் போட வேண்டும். மாதாந்தர அப்டேட் வேறு, புதிய பதிப்புக்கே மாறும் அப்கிரேட் வேறு. முன்னதைத் தள்ளிப்போடாதீர்கள், பின்னதை அவசரப்படுத்தாதீர்கள்.

கூத்து வாத்தியங்கள் ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள்தான் இப்போது என் அப்கிரேட் காலம். முதலில் இன்டர்ஃபேஸ் கம்பெனியின் பக்கத்தில் புதிய பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று பார்க்கிறேன். அடுத்து, ஒவ்வொரு பாட்டின் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைக்கிறேன். மென்பொருளின் புராஜெக்ட் கோப்பு நாளை திறக்காமல் போகலாம். வேவ் கோப்பை எந்த சிஸ்டமும் வாசிக்கும். விடிய விடிய எட்டு மணி நேரம் நடக்கும் கூத்தை நான்கு மைக்கில், 24 பிட்டில் பதிவு செய்தாலும் சுமார் 17 ஜிபிதான். கடைசியாக, கம்ப்யூட்டரின் வட்டு முழுவதையும் அப்படியே இன்னொரு வட்டில் நகல் எடுக்கிறேன். புதியது சரிப்படாவிட்டால் அந்த நகல் வட்டை மாட்டினால் போதும், பழைய கம்ப்யூட்டர் திரும்ப வந்துவிடும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் அந்தப் பெரியவர். அன்று மதியம் போனில் பதிவு செய்துகொண்டிருந்தபோது அவருடைய சீவாளி விரிந்துவிட்டது. நான் பதறினேன். அவர் மடியிலிருந்து தகர டப்பாவை எடுத்தார். உள்ளே இன்னும் மூன்று சீவாளிகள், மூன்றும் ஊதிப் பதம் பார்த்தவை. "புதுச ஆட்டத்துல எடுத்து ஊதக் கூடாது தம்பி. வூட்ல ஊதிப் பழக்கி வச்சிக்கணும்" என்றார்.

மறு வருடம் தை மாதத்தில் அவரை மறுபடி அழைத்தேன். அன்று எல்லாம் சரியாக வேலை செய்தது. நகல் வட்டை என்ன செய்வது என்று யோசித்தபோது அவர் டப்பாதான் நினைவுக்கு வந்தது. மாற்று வட்டு இப்போது தேதி எழுதிய ஒரு தகர டப்பாவில், ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.