ஸ்கேன் சாயமும் சிறுநீரகமும்

எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெளிவாகத் தெரிகிறது. அதனருகே ஓடும் இரத்தக் குழாய் தெரிவதில்லை. ஏன்? எக்ஸ் கதிரை உட்கவரும் ஆற்றல், அணு எண்ணின் முப்படியையொட்டி உயர்கிறது. எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. இரத்தமும் தசையும் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் போன்ற இலேசான அணுக்களால் ஆனவை. அயோடினின் அணு எண்ணோ 53! எனவே அயோடின் சேர்ந்த மருந்தை இரத்தத்தில் செலுத்தினால் குழாய்கள் பளிச்சென்று தெரிகின்றன. சி.டி. ஸ்கேனிலும் ஆஞ்சியோகிராமிலும் பயன்படும் இதைத்தான் 'சாயம்' என்கிறோம். உண்மையில் இதற்கு நிறமில்லை.

படம் எடுத்தபின் சாயம் எங்கே போகிறது? ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. நலமுள்ளவர் உடலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடும்; சிறுநீரகம் பழுதுற்றவர் உடலில் நெடுநேரம் தங்கும். சாயம் சிறுநீரகத்தின் உட்பகுதிக்குப் பாயும் இரத்தத்தைக் குறைக்கக்கூடும். இயல்பாகவே ஆக்சிஜன் குறைந்த அப்பகுதியில், நுண்குழல்களின் செல்கள் இதனால் ஊறுபடலாம்.

சிறுநீரகப் பழுது பலருக்கு வெளியே தெரிவதில்லை. கல்பாக்கத்துக்குத் தெற்கே செய்யூர், மரக்காணம் பக்கம் உப்பளங்கள் உள்ளன. தமிழகத்து உப்பளத் தொழிலாளர் 352 பேரைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கடும் வெயிலும், உடலில் நீர் வற்றுவதும் இதனுடன் தொடர்புடையவை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இக்குறை சத்தமின்றி வரும்.

இதை அறிய வழி எளிது. இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவையும் வயதையும் பாலினத்தையும் கொண்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று கணக்கிடலாம். இளமையில் இது 100-ஐ ஒட்டியிருக்கும். கிரியாட்டினினை மட்டும் பார்த்தால் போதாது. திறனில் பாதி குறைந்த பிறகும் அது இயல்பாகத் தோன்றக்கூடும்.

அதற்காகச் சாயத்தைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். முன்பு எண்ணியதைவிட ஆபத்து குறைவு என்று அமெரிக்கச் சிறுநீரக, கதிரியல் வல்லுநர்கள் 2020-இல் கூட்டாக அறிவித்தனர். வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருப்போரிடமே கவனம் மிகுதியாகத் தேவை. அவர்களுக்குச் சிரை வழியே உப்பு நீர் ஏற்றுவது முக்கியமான காப்பு. மாரடைப்பு போன்ற அவசரத்தில், சோதனையைத் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்தாகலாம்.

ஆகவே ஸ்கேனுக்குப் போகுமுன் மூன்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்: சிறுநீரகக் கோளாறு முன்பு இருந்ததா, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்கிறீர்களா, உடல்வலிக்கு அடிக்கடி மாத்திரை விழுங்குகிறீர்களா? மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.