அபாயகரமான கழிவு: அங்கத்தினர் அறிய வேண்டிய சட்டச் சொற்கள்

சாயத் தொட்டியில் நனைந்த நூல் நிறம் பெற்று வெளியேறுகிறது. எஞ்சிய நீரைச் சுத்திகரித்தால் நீர் தெளிகிறது. அடியில் கசடு தங்குகிறது. அக்கசடு யாருடையது? சாயமேற்றியவருடையதா, லாரியில் ஏற்றிச் சென்றவருடையதா, இறக்கிக்கொண்டவருடையதா? “வண்டி ஏறிவிட்டது, இனி நமக்கென்ன?” என்பதே பலரும் கூறும் விடை. அவ்விடை தவறு என்பதைச் சட்டத்தின் சில சொற்களைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கென எழுப்பப்பட்டு 1992ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. அந்நீர் வயலுக்கு வேண்டாம் என்று உழவர்களே மறுக்கும் நிலை உண்டாயிற்று. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். கிணற்றை இழந்தவரும் கூலியை இழந்தவரும் அண்டை ஊரார். பின்னர்க் கழிவுநீரை ஆற்றில் விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் முறை வலுப்பெற்றது. ஆயினும், நீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் மறைந்து போவதில்லை. கசடாகவும் உப்பாகவும் அது நம் கையில் எஞ்சுகிறது. அதைப் பற்றியனவே பின்வரும் சொற்கள்.

இவ்விதிகளுக்கு அடிப்படை, போபால் விஷவாயு விபத்து நிகழ்ந்த 1984ஆம் ஆண்டிற்குப்பின் இயற்றப்பட்ட 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் அபாயகரமான கழிவுகளுக்கென 1989இலும், 2008இலும், பின் 2016 ஏப்ரலிலும் விதிகள் வெளியாயின. 2016ஆம் ஆண்டு விதிகளில் உள்ளவாறே இங்கு விளக்குகிறோம்.

அபாயகரமான கழிவு

நாற்றமடிப்பதெல்லாம் அபாயகரமான கழிவு அன்று. நாற்றமில்லாததெல்லாம் தீங்கற்றதும் அன்று. நச்சுத்தன்மை, எளிதில் தீப்பற்றல், வெடித்தல், அரித்தல், பிற பொருளோடு வினைபுரிதல் முதலிய இயல்புகளால், தனித்தோ வேறொன்றுடன் சேர்ந்தோ, உடல்நலத்திற்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைக்கக்கூடிய கழிவையே விதிகள் இப்பெயரால் குறிக்கின்றன. எவையெவை என்பதை அட்டவணைகள் காட்டும். முதல் அட்டவணை, தொழில்முறை வாரியாகக் கழிவுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கையில் உண்டாகும் இரசாயனக் கசடு 35.3 என்ற எண்ணில் உள்ளது. இரசாயனம் படிந்த காலிப் பீப்பாய்களும் கலன்களும் 33.1, இயந்திரங்களிலிருந்து வடிக்கும் பழைய மசகெண்ணெய் 5.1. இரண்டாம் அட்டவணையோ, கழிவில் உள்ள நச்சுப்பொருளின் அளவைக் கொண்டு தீர்மானிப்பது. ஆகவே சாயச்சாலைச் செயலாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “நமது கழிவின் எண் என்ன?” என்பதே.

ஆக்குபயர்

ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த இச்சொல்லைப் ‘பொறுப்பாளர்’ எனக் கொள்ளலாம். தொழிற்சாலையின் அல்லது வளாகத்தின் அலுவல்களைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரே பொறுப்பாளர். வரையறை இத்துடன் முடியவில்லை. கழிவைக் கைவசம் வைத்திருப்பவரும் இச்சொல்லில் அடங்குவர். சங்கமே சாயச்சாலை நடத்தினால் சங்கமே பொறுப்பாளராகும்.

இவ்விரண்டாம் பகுதியை உழவரும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். தரிசாகக் கிடக்கும் நிலத்தில் சில மாதங்களுக்கு மூட்டைகளை அடுக்கிக்கொள்ள ஒருவர் வாடகை பேசி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டையில் உள்ளது கசடாயின், இடம் கொடுத்த உழவரும் ‘கைவசம் வைத்திருப்பவர்’ என்ற கேள்விக்கு உட்பட நேரிடும். கழிவை முறைகேடாகக் கையாண்டதனால் சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ விளையும் சேதம் அனைத்திற்கும் பொறுப்பாளர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது விதி. சிறு வாடகைக்காகப் பெரும் பொறுப்பை ஏற்பது அறிவுடைமை ஆகாது.

இசைவாணையும் அங்கீகாரமும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இசைவாணை என்பது 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்கீழும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின்கீழும், தொழிலை நிறுவவும் நடத்தவும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளிப்பது. அங்கீகாரம் என்பது அபாயகரமான கழிவை உண்டாக்கவும், சேமிக்கவும், அனுப்பவும், அகற்றவும் அதே வாரியம் தனியாக அளிப்பது. கழிவின் வகையும் அளவும் அதில் குறிக்கப்பெறும். அனுமதித்த அளவிற்கும் உண்மையில் உண்டாகும் அளவிற்கும் வேறுபாடு காணின், உடனே கவனித்தல் நன்று.

சேமிப்பு

கழிவை 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருத்தல் கூடாது. ஆண்டிற்கு 10 டன் வரை மட்டும் உண்டாக்கும் சிறு நிலையங்களுக்கு வாரியம் இதனை 180 நாள் வரை நீட்டிக்கலாம். கலனிலும் மூட்டையிலும் அடையாளச் சீட்டு இருத்தல் வேண்டும். ஒளிரும் மஞ்சள் நிறப் பின்புலத்தில், ‘அபாயகரமான கழிவு’, ‘கவனமாகக் கையாள்க’ என்ற சொற்கள் சிவப்பு எழுத்தில், வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. மூட்டையைத் தூக்குபவர் தமிழ் மட்டும் அறிந்தவராயிருப்பின், தமிழில் எழுதுவது விதிக்காக மட்டுமன்று. அவர் கண்ணுக்கும் கைக்கும் காவலாகும்.

மேனிஃபெஸ்ட்

‘அனுப்புகைச் சீட்டு’ என்று இதனைத் தமிழில் கூறலாம். பத்தாம் எண் படிவமாகிய இது ஏழு நிறப் பிரதிகள் கொண்டது. அனுப்புவோர் ஏழிலும் கையொப்பமிட்டு, வெள்ளைப் பிரதியை வாரியத்திற்கு அனுப்புவர். வண்டிக்காரரின் கையொப்பம் பெற்ற மஞ்சள் பிரதியைத் தாம் வைத்துக்கொள்வர். மற்ற ஐந்தும் வண்டியோடு செல்லும். பெறுவோர் இளஞ்சிவப்புப் பிரதியை வைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பிரதியை வண்டிக்காரரிடமும், பச்சைப் பிரதியை வாரியத்திடமும் சேர்ப்பர். நீலப் பிரதி அனுப்பியவருக்கே திரும்பி வரும். அனுப்பியவர் வேறு மாநிலத்தவராயின், சாம்பல் நிறப் பிரதி அம்மாநில வாரியத்திற்குச் செல்லும்.

இவற்றுள் நாம் கண்ணாயிருக்க வேண்டியது நீலப் பிரதி. கழிவு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது என்பதற்கு நம் கையில் உள்ள சான்று அதுவே. வண்டி புறப்பட்டதை மஞ்சள் பிரதி காட்டும்; போய்ச் சேர்ந்ததை நீலப் பிரதி காட்டும். மஞ்சள் மட்டும் இருந்து நீலம் வராதிருப்பின், அம்மூட்டைகள் ஏதேனும் ஓர் ஓடையோரத்தில் கிடக்கக்கூடும். அவ்வோடை நம் அங்கத்தினர் ஒருவரின் வயலுக்கே செல்வதாகவும் இருக்கலாம்.

பயன்பாடும் அகற்றலும்

விதிகள் வகுத்துள்ள வரிசை யாதெனில்: கழிவு உண்டாகாமல் தடுத்தல், அளவைக் குறைத்தல், மீண்டும் பயன்படுத்தல், மறுசுழற்சி, பொருளையோ ஆற்றலையோ மீட்டல், இவற்றின் இறுதியிலேயே பாதுகாப்பாக அகற்றல். சிமெண்ட் ஆலைச் சூளையில், மூலப்பொருளுக்கோ எரிபொருளுக்கோ மாற்றாகக் கழிவை இடுவதும் மீட்டலின்பாற்படும். சூளையினுள் பொருள் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைவதால் இது இயலுகிறது. எவ்வகையிலும் பயன்படாத கழிவு, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பொது அகற்றல் நிலையத்திற்குச் செல்லும். அங்கே நீர் கசியாத அடுக்குகள் அமைந்த குழியில் இடப்பெறும். வெறும் பள்ளம் தோண்டி மூடுவது அகற்றல் ஆகாது. கிணற்றுக்கு வழி திறப்பதேயாகும்.

வயலில் எஞ்சும் கலன்

நெசவாளரை மட்டும் நோக்கி இதை எழுதவில்லை. பூச்சிமருந்து தீர்ந்த கலனும் இவ்வகையைச் சேர்ந்ததே. கலன்களைப் பிறர் மீண்டும் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெளியே போடாதிருத்தல் வேண்டும் என்றும், உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைத்தல் வேண்டும் என்றும் 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 44ஆம் விதி கூறுகிறது. கலனை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுவது நல்ல வழக்கம். அக்கலனில் குடிநீரோ எண்ணெயோ வைக்கும் வழக்கத்தை நம் வீடுகளிலிருந்து முற்றிலும் ஒழித்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

சாயச்சாலை நடத்தும் சங்கங்கள் மூன்றாம் எண் படிவத்தில் கழிவுக் கணக்கை நாளது வரை எழுதி வருதலும், ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் வாரியத்திற்கு அனுப்புதலும் கடமை. விபத்து நேரின் உடனே வாரியத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். இவை நிர்வாகிகளின் பணி. அங்கத்தினரின் பணியும் ஒன்றுண்டு. பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் நாம், கழிவுக் கணக்கையும் கேட்போமாக. எத்தனை மூட்டை புறப்பட்டன, எத்தனை நீலப் பிரதிகள் திரும்பின என்ற இரண்டு எண்களைக் கேட்டாலே போதும். அவை ஒத்திருக்குமாயின், சங்கத்தின் தறியும் அங்கத்தினரின் கிணறும் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழும்.