பித்தளையில் மிதக்கும் பலூன்கள்

பிலிப்பைன்ஸ் தெருக்களில் காலையில் ‘தாஹோ’ என்று நீட்டி முழங்கும் குரல் கேட்டால் குழந்தைகள் குவளையோடு வாசலுக்கு ஓடுவார்கள். வியாபாரியின் தோளில் ஒரு கழி, அதன் இரு முனைகளிலும் உலோக வாளிகள். ஒன்றில் வாயில் கரையும் சூடான சோயாக் கட்டி, மற்றொன்றில் சர்க்கரைப் பாகும் ஜவ்வரிசியும். இரவில் வருபவர் ‘பலூத்’ விற்பவர். கூடையில் இருப்பவை கரு வளர்ந்த வாத்து முட்டைகள். அந்நாட்டில் வளர்ந்த பலருக்கும் பால்யம் என்றாலே இந்தக் குரல்கள்தாம்.

இந்த மனிதர்களைப் பித்தளையில் வடித்துப் பெயர் பெற்றவர் சிற்பி மைக்கேல் காக்னியோ, ஓவியர் ஆங்கெல் காக்னியோவின் மகன். தெரு வியாபாரிகள், பலூன்கள், பட்டம் விடும் சிறுவர்கள் எல்லாம் அவர் உலகத்தில் உண்டு.

கனமான உலோகத்தில் பலூன் எப்படி மிதக்கிறது? பித்தளை வேலையின் நுட்பமே இதற்கு விடை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த இக்கலவை, தட்டத் தட்ட இறுகும். சூடேற்றினால் மீண்டும் இளகும். தட்டுவதும் சூடேற்றுவதுமாக மாறி மாறிச் செய்தால் தட்டையான தகடு அரைக்கோளமாகக் குழியும். இரண்டு அரைக்கோளங்களை ஒட்டினால் உள்ளீடற்ற, எடை குறைந்த பலூன் கிடைக்கும். ஒட்டும் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்காமலிருக்க, சிறு துளை ஒன்று விட வேண்டும்.

பலூனைத் தாங்கும் ‘நூல்’ மெல்லிய கம்பி. இழுத்து நீட்டும்போதே கம்பி இறுகிவிடுவதால்தான் அது வளையாமல் நிற்கிறது. நெருப்பு அதிகம் பட்டால் அந்த இறுக்கம் போய்விடும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து வெண்புகையாக வெளியேறும். ஆகவே அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பற்றாசை வைத்து, இணைப்பில் மட்டும் சுடர் படும்படி சட்டென்று முடிப்பது நல்லது. எடையின் பெரும்பகுதி அடித்தளத்தில் இருந்தால், மேலே பலூன்கள் நின்றாலும் சிற்பம் எளிதில் சாயாது.

மணிலாப் பகுதியில் உலோகச் சிலை என்றால் பெரும்பாலும் நாட்டின் நாயகர்களுக்கு உரியது. 1913இல் ஹோசே ரிசாலுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 1933இல் ஆண்ட்ரெஸ் போனிஃபாசியோவுக்குச் சிற்பி கில்லெர்மோ தோலென்தினோ வெண்கலத்தில் நினைவுச்சின்னம் வடித்தார். அதே கௌரவம், தோளில் சுமையோடு தெருத்தெருவாக நடந்து ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் ஊட்டியவருக்கும் கிடைப்பதே நியாயம்.