கைத்திறனுக்குச் சாட்சி யார்?

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் நான். அக்காலத்தில் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்களுக்குக் கணக்கில்லை. “இவரை நான் பல்லாண்டுகளாக அறிவேன், நல்லொழுக்கம் உடையவர், மூத்தோரை மதிப்பவர்” என்று தொடங்கி, “இவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்” என்று முடியும் கடிதங்கள் அவை. ஓய்வு பெற்ற பின்னரும் இப்பணி ஓய்ந்தபாடில்லை. கல்முனையிலுள்ள என் வீட்டுப் படியேறி வரும் பழைய மாணாக்கருட் பாதிப்பேர் கடிதத்துக்காகவே வருகின்றனர். அவர்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. என் கடிதங்களைப் பற்றியே எனக்கு ஓர் ஐயம் பிறந்துவிட்டது. அதனை வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஓர் இளைஞர் வந்தார். என்னிடம் படித்தவர், சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்தில் தவறியவர். கட்டார் நாட்டுக்குச் சென்று ஆறு ஆண்டுகள் கட்டடங்களுக்கு மின்கம்பி இணைக்கும் வேலை செய்துவிட்டு, தாயார் நோயுற்றமையால் ஊர் திரும்பியிருந்தார்.

“சேர், ஒரு கடிதம் வேணும்.”

“என்ன வேலைக்குத் தம்பி?”

“வயரிங் வேலைக்குத்தான் சேர். போற இடமெல்லாம் சேர்ட்டிபிக்கற் கேக்கிறாங்க. என்னட்டக் கை மட்டுந்தான் இருக்கு.”

வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். அவர் அதனை இருமுறை வாசித்தார். “நான் நல்ல பிள்ளையெண்டு எழுதியிருக்கிறீங்க சேர். எனக்கு வேலை தெரியுமெண்டு ஒண்டும் இல்லையே?” என்றார். அறியாத ஒன்றை நான் எவ்வாறு எழுதுவேன்? அவரும் அதனை உணர்ந்தவராய்க் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார்.

அதே வாரத்தில், கட்டடக் கொந்தராத்து எடுத்து நடத்தும் அன்பர் ஒருவரைக் கடைத்தெருவிற் சந்தித்தேன். மாடிவீடு ஒன்றின் வேலை வயரிங் செய்ய ஆளின்றி நின்றுவிட்டதாகவும், வெளியூரிலிருந்து ஆள் அழைக்க நேர்ந்துள்ளதாகவும் குறைபட்டுக்கொண்டார். உடனே அவ்விளைஞரைப் பற்றிச் சொன்னேன்.

“நல்ல பொடியன் என்று நீங்கள் சொன்னால் சரி மாஸ்டர்” என்றார் அவர். “ஆனால் வேலை தெரியுமா? சுவருக்குள்ளே போகிற கம்பி அது. பூசி முடித்த பிறகு பிழை கண்ணுக்குத் தெரியாது. தீப்பிடித்த பிறகுதான் தெரியும்.”

அவர் கேட்டதில் தவறில்லை. இளைஞர் கேட்டதிலும் தவறில்லை. இருவர் வீடுகளுக்கும் இடையே உள்ளவை இரண்டே தெருக்கள். ஒருவர் வேலை தேடுகிறார்; மற்றவர் ஆள் தேடுகிறார். இடையில் நின்ற நானோ, ஒழுக்கத்துக்குச் சாட்சி சொன்னேனேயன்றித் திறனுக்குச் சாட்சி சொல்ல இயலாதவனானேன். இக்கரையோரத்து வேலையின்மையின் பெரும்பகுதி இவ்விரண்டு தெருக்களின் இடைவெளியில் அடங்கிக் கிடக்கின்றது என்று அன்று எனக்குப் பட்டது.

முற்காலத்தில் இத்துன்பம் இருந்ததில்லை. மருதமுனையிற் குழித்தறியில் நெய்யப்பட்ட சாறனைக் கையில் எடுத்துப் பார்த்தாற் போதும். பாவும் ஊடையும் நெசவாளியின் திறனைத் தாமே சொல்லிவிடும். ஓடாவியிடம் தொழில் பழகிய சிறுவன் உளி பிடிக்கத் தொடங்கிய நாளை ஊரே அறிந்திருந்தது. எவருடைய கை நாற்றுக்கு நல்லது, எவருடைய கை அறுவடைக்கு வல்லது என்பதைப் போடியார் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. வட்டையிற் கண்ணாரக் கண்டிருந்தார். தொழில் ஊரார் கண்முன் பழகப்பட்டது. ஆகவே ஊரே அதற்குச் சாட்சியாயிற்று.

அந்தச் சாட்சி ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 1949 இல் அமைக்கப்பெற்ற கல்லோயா அபிவிருத்திச் சபை இங்கினியாகலையில் நீரைத் தேக்கி, இப்பகுதியின் வேளாண்மை முகத்தையே மாற்றியது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நெல்வயல் பெருகிற்று, பின்னர் இயந்திரம் வந்து அறுவடைக் கைகளைக் குறைத்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலிற் செழித்திருந்த கைத்தறி, 1977 இல் நாட்டின் சந்தை திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுத் துணியோடு போட்டியிட மாட்டாது தளர்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மருதமுனையிலே எஞ்சியிருந்த தறிகள் பலவும் மண்ணோடு மண்ணாயின. வீடுகளை மீளக் கட்டத் தொடங்கியபோது மேசனுக்கும் ஓடாவிக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை இங்குள்ளோர் மறந்திரார்.

இவற்றுக்கிடையே இளைஞர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985 இல் வந்தது. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022 ஆம் ஆண்டிலே இலங்கையிலிருந்து வேலைக்காகப் பதிவுபெற்றுச் சென்றோர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்கள் அனுப்பிய பணத்தை ஊர் கண்டது. கட்டிய வீடுகளைக் கண்டது. ஆனால் அவர்கள் கற்றுக்கொண்ட தொழிலை ஊர் காணவில்லை. பாலைவனத்து வெயிலிற் பழகிய திறனுக்கு இங்கே கண்கண்ட சாட்சி இல்லை. என் மாணாக்கர் “கை மட்டுந்தான் இருக்கு” என்றதன் பொருள் இதுவே.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. அதிற் பொறுப்பாளி நானே. 1971 இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் என்னும் பொருளியலறிஞர் தலைமையில் ஒரு குழு இலங்கைக்கு வந்து, வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் பொருத்துவது பற்றி விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தது. படித்த இளைஞர் எதிர்பார்க்கும் உத்தியோகம் ஒருபுறமும், நாடு தரக்கூடிய வேலை மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பதை அது எடுத்துக் காட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வறிக்கையின் தலைப்பு பழையதாகவில்லை.

நெசவாளி ஒருவரின் மகன் என் வகுப்பிற் கூரிய அறிவோடு விளங்கினான். ஒருநாள் பாடசாலைக்கு வராது தறியில் இருந்தான் என்று அறிந்து, “தறியிலிருந்து காலத்தை வீணாக்காதே, படித்து உத்தியோகம் பார்” என்று வகுப்பார் அனைவரும் கேட்கக் கடிந்தேன். அவன் படித்தான், பட்டம் பெற்றான், பின்னர் நியமனத்துக்காக ஐந்து ஆண்டுகள் காத்திருந்தான். அக்காலத்திலும் அவன் தறியைத் தொடவில்லை. “நீங்கதான் சேர் அது வீண் காலம் எண்டு சொன்னீங்க” என்று பின்னொரு நாள் சிரித்தபடி சொன்னான். அச்சிரிப்பை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. படி என்றது பிழையன்று. தறியைப் பழித்ததே பிழை.

கைத்தொழிலும் கல்வியும் பகைவரல்லர் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊராகிய காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளார், துறவு பூணுமுன் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர். பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து 1947 இல் அவர் வெளியிட்ட யாழ்நூலிலே புலமையோடு கணிதமும் கைகோத்து நிற்பதைக் கற்றோர் அறிவர்.

வேலை தேடுவோரையும் தருவோரையும் ஒன்று சேர்ப்பது பொதுப்பணி என்பதை உலகம் உணர்ந்து நூறாண்டுகளுக்கு மேலாகின்றன. பிரித்தானியாவில் 1909 இற் சட்டமியற்றி, 1910 பெப்ரவரியில் முதல் தொழிற் பரிமாற்று நிலையங்களைத் திறந்தனர். ஆலை வாயில்தோறும் அலைந்த தொழிலாளி ஓரிடத்திற் பதிந்தாற் போதும் என்ற நிலை உண்டாயிற்று. 1919 இற் பிறந்த சர்வதேசத் தொழில் தாபனம் தன் இரண்டாவது சமவாயத்திலேயே, கட்டணமற்ற பொது வேலைவாய்ப்பு நிலையங்களை நாடுகள் அமைத்தல் வேண்டுமென்றது. இலங்கையில் 1971 இற் பயிலுநர் சட்டம் வந்தது; 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவும், 1995 இல் தொழிற்பயிற்சி அதிகார சபையும் அமைந்தன. கல்லோயாச் சபைக் காலத்தில் அம்பாறையில் தோன்றிய ஹார்டி நிறுவனமும், ஒலுவிலிலே அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நம் அயலிலேயே உள்ளன. பிரதேச செயலகங்களில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்களும் பணிபுரிகின்றனர்.

ஆயினும் என் மாணாக்கருக்கு உதவியது வேறொன்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்நாட்டில் வகுக்கப்பெற்ற தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கும் கைவினைஞர்க்குரியன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. இதிலே “முன்கற்றலை அங்கீகரித்தல்” என்றொரு வழியுண்டு. எங்கே கற்றாய் என்பதைப் பொருட்படுத்தாது, செய்து காட்டு என்று கேட்கும் வழி அது. தொழிலுக்கென வகுத்த தேர்ச்சி நியமங்களை முன்வைத்து, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வேலையைப் பார்ப்பார். அனுபவத்துக்குரிய ஆதாரங்களைக் கேட்பார். குறையிருப்பின் அது எதுவெனச் சொல்வார். அறியாமையால் நான் அந்த இளைஞருக்கு இதனை முதல் நாளே சொல்லவில்லை. பின்னர் விசாரித்தறிந்து, அவரை அழைத்துக்கொண்டு நானே சென்றேன்.

மதிப்பீட்டு நாளன்று வெளியே வாங்கில் அமர்ந்திருந்தேன். சாளரத்தினூடே அவர் கைகள் தெரிந்தன. பலகையில் கம்பிகளை இணைத்தார். வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்த ஒரு பழுதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மானியை வைத்து ஒவ்வோர் இணைப்பாகச் சென்று, அவசரமின்றிக் கண்டுபிடித்தார். கணிதத்தில் தவறியவன் என்றே பத்தாண்டுகளாக நான் நினைத்திருந்த பிள்ளை அவர். ஒழுங்காக எண்ணிப் பார்க்கும் அறிவு இதுவன்றி வேறெது? விதிமுறைகளை எழுத்தில் விடையளிப்பதிற் சிறிது தடுமாறினார் என்று பின்னர் சொன்னார்கள். மூன்றாம் படிச் சான்றிதழ் கிடைத்தது. நான்காம் படிக்கு எவற்றைப் பயில வேண்டுமென்றும் குறித்துக் கொடுத்தார்கள்.

கொந்தராத்துக்காரர் அதனைப் பார்த்து, “இனிப் பேசலாம்” என்றார். முதல் மூன்று நாள் கூடவே நின்று பார்த்தாராம். நான்காம் நாள் சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்றாராம்.

ஒருவருக்கு வேலை கிடைத்ததனால் ஒரு பிரதேசத்தின் குறை தீர்ந்துவிடாது. வீட்டுக்குள்ளே நெசவும் தையலும் அறிந்த எத்தனையோ பெண்களின் திறனுக்கு இன்னும் வாசற்படிக்கு வெளியே சாட்சியில்லை. பயிற்சி தருவோர் புதிய வகுப்பைத் திறக்குமுன் இவ்வூர்த் தொழில் நடத்துவோரை அழைத்து, உங்களுக்கு எத்தகைய கைகள் தேவை என்று கேட்டல் வேண்டும். தொழில் நடத்துவோரும் அனுபவமுள்ளவரையே கேட்டுக்கொண்டிராது, பழகுவோருக்கு ஓரிடம் தரல் வேண்டும். எல்லாரும் பழகியவரையே வேண்டினால், பழகுவது எங்கே?

ஆசிரியராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. மாணாக்கனின் புள்ளிகளை அறிவதுபோல் அவன் கைகளையும் நாம் அறிதல் வேண்டும். பரீட்சையில் தவறியவனுக்கு அடுத்த வாயில் எது என்பதை, அவன் கேட்குமுன் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும்.

இன்றும் கடிதம் கேட்டு வருகின்றனர். இப்பொழுது உடனே எழுதுவதில்லை. “தம்பி, உனக்கு என்ன செய்யத் தெரியும்? எங்கே பார்க்கலாம்?” என்று கேட்கின்றேன். இயன்றபோது சென்று பார்க்கின்றேன். சென்ற மாதம் எழுதிய கடிதம் ஒன்றில் நல்லொழுக்கத்தைப் பற்றிய வரிக்குக் கீழே, “இவர் செய்த கதவையும் நிலையையும் நேரிற் பார்த்தேன், மூலைகள் ஒட்டியிருக்கின்றன” என்று எழுதினேன். நான் எழுதிய கடிதங்களுள் மிகச் சிறியது அதுவே.